கழுத்துப் பொருத்து: மின்கிற்றார் அமைப்பிற் கற்ற ஒரு பாடம்

தமிழாசிரியர் ஒருவர் யூபிலி மலருக்குக் கட்டுரை எழுதப் புகின், அது சங்கச் செய்யுள் நயம் பற்றியதாகவோ சமயகுரவர் வரலாறு பற்றியதாகவோ அமையும் எனப் பழைய மாணவர் எதிர்பார்த்தல் இயல்பே. யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருளோ மின்கிற்றாரின் கழுத்தை அதன் உடலோடு பொருத்தும் முறையாகும். இஃது என்ன புதுமை என்று புருவத்தை உயர்த்துவோருக்கு ஒன்று கூறுவோம். காரைதீவில் 1892ஆம் ஆண்டிற் பிறந்த விபுலாநந்த அடிகளார், 1947இல் வெளிவந்த தமது யாழ் நூலில், தமிழ்ப் புலமையையும் கணித அறிவையும் ஒருங்கு கொண்டே, வழக்கொழிந்த யாழின் உருவத்தையும் அதன் சுரங்களையும் ஆராய்ந்தார். நரம்புக் கருவியின் உறுப்புகளை அளந்தறிதல் தமிழாசிரியனுக்குப் புறம்பான தொழில் அன்று என்பதற்கு அந்நூல் ஒன்றே போதிய சான்றாகும்.

அன்றியும், பொருத்து என்பது எமக்குப் பழகிய பொருளே. நிலைமொழியும் வருமொழியும் சேருமிடத்து நிகழ்வனவற்றை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி வருகின்றோம். மாணவரின் பிழைகளுட் பெரும்பாலன சொல்லின் நடுவே நிகழ்வனவல்ல. சொல்லும் சொல்லும் சேருமிடத்தே நிகழ்வன. மரமும் அவ்வாறே. ஒரு பலகை தனித்துக் கிடக்கும்போது அதிற் குற்றம் காண்டல் அரிது. இரண்டு பலகைகள் சேர்ந்தவிடத்தே தச்சனின் தராதரம் வெளிப்பட்டுவிடும்.

கட்டுரை எழுந்த காரணம்

எமது தந்தையார் தச்சுத்தொழில் செய்தவர். உளியும் சீவுளியும் எமக்குச் சிறுவயது முதலே பழக்கம். அதனால், தமிழ் கற்பிப்பதோடு கல்லூரி மரவேலைக் கழகத்தின் பொறுப்பும் எம்மிடம் வந்து சேர்ந்தது. சென்ற ஆண்டு உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எம்மிடம் வந்து, தாமே ஒரு மின்கிற்றார் செய்ய விரும்புவதாகக் கூறினார். கழுத்தைக் கனடாவில் வாழும் அவருடைய மாமனார் அனுப்பியிருந்தார். மேப்பிள் மரத்தாற் செய்து, மெட்டுகள் அடித்து முடிந்த கழுத்து அது. உடலுக்கு வேண்டிய மரத்தையும் அவர் கொண்டுவந்திருந்தார். அது பலாமரக் கதவொன்றின் பலகை. போர்க்காலத்தில் இடிந்துபோன அவருடைய பாட்டனார் வீட்டில் எஞ்சியது அந்தக் கதவு ஒன்றே.

பல தலைமுறை வெயிலையும் மாரியையும் கண்டு காய்ந்த பலா. மஞ்சள் முதிர்ந்து தேன்நிறம் கொண்டிருந்தது. அதனைத் தட்டிப் பார்த்து யாம் மகிழ்ந்தோம். கழுத்தை இறக்குவதற்குரிய குழியை எவ்வளவு ஆழமாக வெட்டுவது என்று மாணவர் வினவினார். “பதினாறு மில்லிமீற்றர், அதுவே வழக்கமான அளவு” என்று யாம் விடை கூறினோம். குதிரை அப்போது வந்திருக்கவில்லை, கொழும்பிலிருந்து வரவேண்டியிருந்தது. வரும்வரை காத்திருக்க எமக்குப் பொறுமை இல்லை. மாணவர் ஒரு தவணை முழுவதும் உழைத்து உடலைச் செதுக்கி, குழியை வெட்டி, மெருகும் இட்டார். குதிரை வந்தது. தந்திகளை ஏற்றிப் பார்த்தபோது அவை விரற்பலகையிலிருந்து மிக உயர்ந்து நின்றன. பன்னிரண்டாம் மெட்டில் தந்தியை அழுத்த விரல் நொந்தது. குதிரையை இறக்குவதற்கோ இடமில்லை. அது தன் கடைசிப் படியில் நின்றது.

மாணவர் எம்மைக் கடிந்து பேசவில்லை. “சேர், இந்தக் கதவு ஒன்றுதானே இருந்தது” என்று மட்டும் கூறினார். அச்சொல் எம்மைப் பல நாள் உறங்கவிடவில்லை. அளவை யாம் கூறினோம். ஆதலின் தவறும் எம்முடையதே. அத்தவறு எங்கே பிறந்தது என்பதை ஆராய்ந்து கண்டவற்றை இப்போது மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் முன்வைக்கின்றோம்.

உறுப்புகளும் பெயர்களும்

பொருளை விளங்கிக்கொள்ளுதற்கு உறுப்புகளின் பெயரை முதற்கண் வரையறுத்துக்கொள்வோம். வீணையிற் பழகிய பெயர்களையே கூடியவரை கையாளுகின்றோம். தந்திகள் உடலின்மேல் வந்து அமரும் உறுப்புக் குதிரை. விரற்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள் மெட்டுகள். தலைப்பக்கத்தில் தந்திகள் வந்து தங்கும் சிறு தடையை வரம்பு என்போம். வரம்பிலிருந்து குதிரைவரை உள்ள தொலைவு தந்தியின் ஒலிக்கும் நீளமாகும். கழுத்தின் பருத்த அடிப்பகுதி கழுத்தடி. அதனை ஏற்பதற்கு உடலில் வெட்டிய இடம் குழி. குழி உடலின் ஓரத்தில் திறந்திருக்கும் பக்கம் குழிவாய். அதற்கு எதிரே, குதிரையை நோக்கி இருப்பது உட்சுவர்.

எமது மாணவரின் கழுத்து, 1950ஆம் ஆண்டு முதலாக லியோ பெண்டர் என்பார் கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் நகரிற் செய்வித்த கிற்றார்களின் அளவைத் தழுவியது. அதன் தந்தி நீளம் 648 மில்லிமீற்றர், அஃதாவது இருபத்தைந்தரை அங்குலம். கழுத்தடியின் நீளம் 76 மில்லிமீற்றர், அகலம் ஏறத்தாழ 56, தடிப்பு 25. இவ்வகையில் உடலின் தடிப்பு 44 மில்லிமீற்றராகவும் குழியின் ஆழம் 16 மில்லிமீற்றராகவும் அமைதல் வழக்கம். யாம் கூறிய பதினாறு இதுவே. அளவு பிழையன்று, அது யாருக்குரிய அளவு என்று கேளாதுவிட்டதே பிழை.

பொருத்தின்மேல் விழும் சுமை

மின்கிற்றாரின் ஆறு எஃகுத் தந்திகளும் ஓய்வின்றிக் கழுத்தை இழுத்துக்கொண்டிருக்கின்றன. மிக மெல்லிய தந்தி அங்குலத்தின் ஆயிரத்திற் பத்துப் பங்கு பருமனுடையதாக உள்ள வழக்கமான தொகுதியைச் சுருதி கூட்டினால், ஆறின் இழுவையும் சேர்ந்து நூறு இறாத்தலுக்குச் சற்று மேற்படும். ஏறக்குறைய 47 கிலோகிராம். ஓர் அரிசி மூட்டையை இரவும் பகலும் கழுத்தின் தலையிற் கட்டி இழுப்பது போன்றது இது.

இந்த இழுவை கழுத்தின் நடுவே செல்வதில்லை. அதற்கு மேலே, தந்திகளின் மட்டத்திற் செல்கின்றது. ஆதலின் அது கழுத்தை உடலுக்குள் நெருக்குவதோடு அமையாது, தலையை மேல்நோக்கித் தூக்கவும் முயல்கின்றது. நெம்புகோலின் தன்மையை எண்ணிப் பார்க்க. தலை மேலெழ முயலும்போது கழுத்தடியின் உள்முனை குழியின் தளத்தை அழுத்துகின்றது. குழிவாய்ப் பக்கமோ தளத்தை விட்டுக் கிளம்பப் பார்க்கின்றது. தளம் மேடுபள்ளமாயிருப்பின் அல்லது உட்சுவரோடு கழுத்தடி நன்கு முட்டாதிருப்பின், கழுத்துச் சிறிது சிறிதாக இடம்பெயரும். இடம்பெயருந்தோறும் சுருதி குலையும், தந்திகள் மேலெழும். பொருத்தின் முதற் கடமை இந்தச் சுமையைப் பல ஆண்டுகள் அசையாது தாங்குதல். அதன் இரண்டாவது கடமை, தந்தி செல்லவேண்டிய கோட்டிலே கழுத்தை நிறுத்துதல். முதலாவதைத் தச்சர் எவரும் மறவார். இரண்டாவதையே யாம் மறந்தோம்.

மூவகைப் பொருத்து

மின்கிற்றார் செய்வோர் கையாளும் பொருத்துகள் பெரும்பான்மையும் மூவகையுள் அடங்கும்.

முதலாவது திருகுப் பொருத்து. கழுத்தடியைக் குழியில் இறக்கி, உடலின் பின்புறமிருந்து நான்கு திருகாணிகளை ஓர் உலோகத் தகட்டினூடாகச் செலுத்தி இறுக்குவது. பெண்டர் 1950இல் விற்பனைக்கு விட்டதும் 1951 முதல் ரெலிகாஸ்ரர் எனப் பெயர்பெற்றதுமான கிற்றார் இம்முறைக்குப் பெருவழக்கைத் தந்தது. பெண்டர் வானொலி திருத்தும் தொழிலிலிருந்து வந்தவர். கிற்றார் வாசிக்கத் தெரியாதவர். பழுதான உறுப்பைக் கழற்றி வேறொன்றை இடுவதே அவர் கண்ட வழி. மெட்டுகள் தேய்ந்த கழுத்தை அகற்றிப் புதியதைச் சில நிமிடங்களிற் பூட்டலாம். கழுத்தை ஒருவரும் உடலை இன்னொருவரும் செய்யலாம். சாய்விற் குறை காணப்பட்டால் கழற்றித் திருத்தலாம். இதன் குறை யாதெனில், கழுத்தடியும் உடலும் திருகாணியும் தகடும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பதால் அவ்விடம் பருத்துவிடுகின்றது. உயர்ந்த மெட்டுகளை எட்ட முயலும் கை அங்கே தடைப்படும். இன்னொன்று, திருகாணிகளின் தொகையைவிடக் குழியின் இறுக்கமே முதன்மையானது. 1971 முதல் அந்நிறுவனத்தின் ஸ்ட்ராற்றோகாஸ்ரர் மூன்று திருகாணிகளோடு வந்தபோது கழுத்து அசைகின்றது என்று பலர் குறைகூறினர். ஆயின், தளர்ந்த குழியிலே நான்கு திருகாணி இட்டாலும் கழுத்து அசையவே செய்யும்.

இரண்டாவது பசைப் பொருத்து. கழுத்தின் அடியில் நாக்குப்போல நீளும் கழுந்தை விட்டு, உடலில் அதற்கேற்ற பொளியை வெட்டி, பசையிட்டு இறுக்குவது. கட்டிலின் காலையும் சட்டத்தையும் நம் தச்சர் இணைப்பதும் இம்முறையாலேயே. மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரிலிருந்த கிப்சன் நிறுவனம் 1952இல் வெளியிட்ட லெஸ் போல் கிற்றார் இவ்வகையது. அக்காலத்தில் அங்கே கையாளப்பட்டது விலங்கின் தோல் முதலியவற்றைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரம். வச்சிரத்திற்கு ஒரு சிறப்புண்டு. வெப்பமும் ஈரமும் கொடுத்தால் அது நெகிழும். ஆதலின் பின்னொரு காலத்தில் திருத்துவோர் மரத்தைச் சிதைக்காது கழுத்தைப் பிரித்தெடுக்கலாம். இப்பொருத்திற் கழுத்தடியை மெலிதாகச் செதுக்கிக் கைக்கு வழிவிடலாம். ஆயின் அதற்கும் எல்லையுண்டு. 1961இல் அந்நிறுவனம் மெல்லிய உடலோடு வெளியிட்ட புதிய வடிவத்தில், உயர்ந்த மெட்டுகள் எல்லாம் கைக்கு எட்டும்படி பொருத்து உட்புறமாகத் தள்ளிவைக்கப்பட்டது. கைக்கு எளிமை வந்தது. பொருத்தில் வலிமை குன்றியது. அந்தப் பத்தாண்டுக் காலத்துக்குள் அப்பொருத்தைப் பல முறை மாற்றியமைக்க நேர்ந்தது.

மூன்றாவது ஊடுகழுத்து. கழுத்தாகிய கட்டையே உடலின் நடுவே ஊடுருவி அடிவரை செல்லும். உடலின் இரு சிறகுகளும் அதன் பக்கங்களில் ஒட்டப்படும். 1957இல் வெளிவந்த றிக்கன்பாக்கர் மந்தரக் கிற்றாரும், 1963இல் வெளிவந்த கிப்சன் பயர்பேர்டும் இவ்வகையின. கழுத்தும் குதிரையும் ஒரே மரத்தில் இருத்தலால் தளர்வதற்குரிய பொருத்தே இங்கு இல்லை. ஆயின் பிழை நேரின் திருத்துவதற்குரிய பொருத்தும் இல்லை. சாய்வை மரத்தை அறுக்கும் நாளிலேயே முடிவுசெய்தாக வேண்டும்.

நம் வீணையிலும் இந்த வேறுபாடு உண்டு. குடமும் தண்டியும் யாளிமுகமும் ஒரே பலாமரத்திற் குடைந்தெடுத்தது ஏகாண்ட வீணை. அவற்றைத் தனித்தனியே செய்து இணைத்தது ஒட்டு வீணை. ஏகாண்ட வீணைக்கு மதிப்பு மிகுதி. அதற்கேற்ற மரமும் பெருமரமாக வேண்டும். இலக்கண மாணவர்க்கு இவ்வாறு கூறலாம்: ஊடுகழுத்துத் தனிமொழி போன்றது, திருகுப் பொருத்து, இரு சொல்லும் உருமாறாது நிற்கும் இயல்புப் புணர்ச்சி போன்றது, பசைப் பொருத்தோ, சேர்ந்தபின் பிரித்தறிய முயற்சி வேண்டும் விகாரப் புணர்ச்சி போன்றது. இவற்றுள் எது சிறந்தது என்று வழக்காடுவோர் பலர். மூவகையிலும் புகழ்பெற்ற கருவிகள் உள்ளன என்பதே அவ்வழக்கிற்கு விடை. முதன்முறை செய்யும் மாணவர்க்கு யாம் பரிந்துரைப்பது திருகுப் பொருத்தே. அது பிழையைப் பொறுக்கும்.

சாய்வும் அதன் கணக்கும்

இனி, எமது பிழையின் கணக்கைப் பார்ப்போம். கழுத்தடியின் தடிப்பு 25 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். குழியின் ஆழம் 16. ஆகவே விரற்பலகையின் மேற்றளம் உடலுக்கு மேல் ஒன்பதரை மில்லிமீற்றர் உயர்ந்து நிற்கும். கழுத்துச் சாயாமல் உடலுக்குச் சமாந்தரமாக இருப்பதாகக் கொள்க. மெட்டின் உயரம் ஒரு மில்லிமீற்றர். தந்தி, வரம்பின் அருகே மெட்டுத் தளத்துக்கு அரை மில்லிமீற்றர் மேலும், நடுவாகிய பன்னிரண்டாம் மெட்டில் இரண்டு மில்லிமீற்றர் மேலும் நிற்பின் வாசிக்க இதமாக இருக்கும். நேர்கோட்டில் ஏறும் தந்தி பாதித் தொலைவில் ஒன்றரை மில்லிமீற்றர் ஏறினால், முழுத் தொலைவில் மூன்று ஏறும். எனவே குதிரையருகே தந்தி மெட்டுத் தளத்துக்கு மூன்றரை மில்லிமீற்றர் மேலே இருக்கும். ஒன்பதரையும் ஒன்றும் மூன்றரையும் கூட்டினால் பதினான்கு. குதிரையில் தந்தி உடலுக்கு மேல் 14 மில்லிமீற்றர் உயரத்தில் அமரவேண்டும்.

கொழும்பிலிருந்து வந்த குதிரையோ இரு கால்களில் உயர்ந்து நிற்கும் வகையது. அதனை எவ்வளவு இறக்கினும் தந்தியின் உயரம் 18 மில்லிமீற்றருக்குக் குறையாது. வேறுபாடு நான்கு மில்லிமீற்றர். குதிரையில் நான்கு மிகுந்தால் பன்னிரண்டாம் மெட்டில் இரண்டு மிகும். இரண்டு இருக்கவேண்டிய இடத்தில் நான்கு நின்றது. மாணவரின் விரல் நொந்த காரணம் இதுவே.

இதனைத் தீர்க்க மூன்று வழிகள் உள. குதிரையை உடலினுள் நான்கு மில்லிமீற்றர் பதிக்கலாம். மெருகிட்ட முகத்தை மீண்டும் வெட்டவேண்டும். குழியின் தளத்தில் நான்கு மில்லிமீற்றர்த் தகடு ஒட்டிக் கழுத்தை முழுதாக உயர்த்தலாம். கழுத்தடியைக் குழிச்சுவர் பற்றும் ஆழம் பன்னிரண்டாகக் குறையும். மூன்றாவது, கழுத்தைச் சற்றே பின்புறம் சாய்க்கலாம். தலை கீழிறங்கும், விரற்பலகையின் தளத்தைக் குதிரைவரை நீட்டி எண்ணினால் அவ்விடத்தில் அது உயரும்.

எவ்வளவு சாய்ப்பது? இயல்பொத்த முக்கோணிகள் பற்றிக் கணித வகுப்பிற் கற்றது இங்கே உதவுகின்றது. இவ்வகைக் கழுத்தில் குழிவாய் பதினாறாம் மெட்டின் அருகே அமைகின்றது. பதினாறாம் மெட்டிலிருந்து குதிரைவரை உள்ள தொலைவு 257 மில்லிமீற்றர். குழிவாயின் விளிம்பைச் சுழல்மையமாகக் கொண்டு, கழுத்தடியின் உள்முனையை ஓர் ஆப்பால் உயர்த்துகின்றோம் என்க. உள்முனைக்கும் குழிவாய்க்கும் உள்ள தொலைவு 76. குதிரையில் வேண்டிய உயர்வு 4. ஆகவே ஆப்பின் தடிப்பு, நான்கை எழுபத்தாறாற் பெருக்கி இருநூற்றைம்பத்தேழால் வகுத்தால் வருவது: ஒன்றே காலுக்கும் சற்றுக் குறைவாக, 1.2 மில்லிமீற்றர். கோணமாகக் கூறின் ஒரு பாகையும் இல்லை.

சாண் ஏற முழம் சறுக்கும் என்பது பழமொழி. பொருத்தில் ஒரு மில்லிமீற்றர் தவறினால் குதிரையில் மூன்றுக்கு மேல் தவறும். தலைப்பக்கத்தில் ஐந்து தவறும். பக்கவாட்டிலும் இவ்வாறே. குழியின் அகலம் அரை மில்லிமீற்றர் மிகுந்து கழுத்தடி அந்த அளவு திரும்ப இடமிருப்பின், வரம்பு நடுக்கோட்டிலிருந்து இரண்டரை மில்லிமீற்றர் விலகும். ஓரத்துத் தந்தி விரற்பலகையின் விளிம்பை விட்டு வழுகும். சிறிய இடத்திற் செய்யும் பிழை பெரிய இடத்தில் வெளிப்படுகின்றது. காண்பவர் குதிரையைக் குறைகூறுவர், குற்றமோ குழியிலே கிடக்கும்.

இப்பிழை எமக்கு மாத்திரம் உரியதன்று என்று அறிந்தபோது ஓரளவு ஆறுதல் உண்டாயிற்று. 1952இல் வெளிவந்த முதல் லெஸ் போல் கிற்றார்களிற் கழுத்தின் சாய்வு மிகக் குறைவாக இருந்தது. அதன் முகம் வளைந்து மேடுற்றது. குதிரையும் தந்திதாங்கியும் ஒன்றாயமைந்த கோலின் மேலாகத் தந்திகள் செல்லவேண்டியவை. ஆனால் மேலாக விட்டால் அவை மிக உயர்ந்துவிடும். ஆகவே கோலின் அடியாகத் தந்திகளைச் சுற்றி விடவேண்டியதாயிற்று. அதனால் வாசிப்போர் உள்ளங்கையைத் தந்திகளின்மேல் வைத்து ஒலியை அடக்கும் வழக்கமான முறை இயலாது போயிற்று. 1953இல் தாங்கியையும் மாற்றிக் கழுத்தின் சாய்வையும் கூட்டினர். பிற்காலத்தில் அவ்வகைக் கழுத்து ஏறத்தாழ நான்கு பாகை சாய்ந்து அமைந்தது. நான்கு பாகை என்பது 257 மில்லிமீற்றர்த் தொலைவில் 18 மில்லிமீற்றர் உயர்வு என்பதை மாணவர் தாமே கணித்துப் பார்க்கலாம்.

வெட்டும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் விதி ஒன்றே: பொருத்தின் அளவு மரத்திலிருந்து பிறப்பதன்று, தந்தி செல்லும் கோட்டிலிருந்து பிறப்பது. ஆகவே ஒரு பெருந்தாளை மேசையில் விரித்து, கருவியின் பக்கத் தோற்றத்தை உண்மை அளவிலேயே வரைக. முதலில் வரம்பையும் குதிரையையும் குறித்துத் தந்திக் கோட்டை இழுக்க. குதிரையைக் கையில் வைத்து அளந்து, அதன் மிகத் தாழ்ந்த நிலைக்கும் மிக உயர்ந்த நிலைக்கும் நடுவே தந்தி அமரும்படி உயரத்தைக் கொள்க. பின்னர் தந்திக் கோட்டின் கீழே மெட்டுத் தளத்தையும், அதன் கீழே விரற்பலகையையும், அதன் கீழே கழுத்தடியையும் வரைக. உடலை இறுதியாக வரைக. கழுத்தடியின் அடிக்கோடு உடலுக்குள் எங்கே விழுகின்றதோ, எவ்வாறு சாய்கின்றதோ, அதுவே குழியின் தளம். எமது மாணவரும் யாமும் உடலிலிருந்து தொடங்கினோம். வீட்டைக் கட்டி முடித்தபின் அத்திவாரத்துக்கு அளவு எடுத்தவர்போல ஆனோம்.

மரத்தை வெட்டும்போது கருதவேண்டியன சில. உடலின் நடுக்கோட்டை முதலிற் குறித்து, கழுத்தைக் கிடத்தி, இரு ஓரத்துத் தந்திகளுக்குப் பதிலாக இரு நூல்களைக் கட்டி, அவை விரற்பலகையின் இரு விளிம்பிலிருந்தும் ஒத்த தொலைவில் ஓடுகின்றனவா என்று பார்த்த பின்னரே குழியின் எல்லையை வரைக. கோட்டுக்கு உட்புறமாகவே வெட்டி, கழுத்தடியை இடையிடையே வைத்துப் பார்த்துக் கூரிய உளியாற் சீவிச் சீவிக் கொண்டுவருக. பசையோ திருகாணியோ இன்றிக் கழுத்தை இறக்கிக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினால், உடலும் கூட எழவேண்டும். இதுவே இறுக்கத்துக்குரிய சோதனை. பசை இடைவெளியை நிரப்பும் சாந்து அன்று. மரமும் மரமும் தொட்ட இடத்திலேயே அது பிடிக்கும். குழிக்குள் மெருகெண்ணெய் பட்டிருப்பின் அதனைச் சுரண்டி நீக்குக.

திருகாணியில் ஒரு நுட்பம் உண்டு. உடலில் இடும் துளை திருகாணி தாராளமாக நுழையும் அளவினதாகவும், கழுத்தில் இடும் துளை திருகாணியின் புரி நீங்கிய தண்டின் பருமனுடையதாகவும் இருத்தல் வேண்டும். உடலிலும் புரி பற்றிக்கொண்டால், எவ்வளவு முறுக்கினும் கழுத்துக்கும் குழித்தளத்துக்கும் இடையிலுள்ள வெளி மூடாது. திருகாணி இறுகியதாகத் தோன்றும். பொருத்துத் தளர்ந்தே இருக்கும். மேப்பிள் வலிய மரமாதலின் திருகாணியிற் சிறிது மெழுகு பூசிச் செலுத்துக. இல்லையேல் அதன் தலை முறியும். கழுத்தை நிமிர்த்தும் எஃகுக் கோலின் திருகுமுனை கழுத்தடிப் பக்கத்தில் உள்ளதாயின், அதனை எட்டுவதற்கு வழி விட்டிருக்கின்றோமா என்பதையும் வெட்டுமுன் எண்ணுக.

மரத்தின் பதமும் கருதற்பாலது. புதிதாக அறுத்த மரம் மாரியில் வீங்கும், கோடையிற் சுருங்கும். வீங்கிய காலத்தில் இறுக்கமாக வெட்டிய குழி, சித்திரை வெயிலில் வேறு அளவினதாக நிற்கும். நன்கு காய்ந்த பழமரமே பொருத்துக்குரியது. அவ்வகையில் அந்தக் கதவு எமக்குக் கிடைத்த பேறு.

கதவு என்னவாயிற்று

கணக்கை முடித்தபின் மாணவரை அழைத்தோம். அவர் தாமே முக்கோணிகளை வரைந்து, 1.2 மில்லிமீற்றர் என்னும் விடையைக் கண்டார். கடதாசித் துண்டையோ தகரத் துண்டையோ உள்முனையில் மட்டும் செருகிவிடும் வழக்கம் பலரிடம் உண்டு. அங்ஙனம் செய்தால் கழுத்தடியின் நடுப்பகுதி தளத்தைத் தொடாது வெறுவெளியில் நிற்கும். திருகாணியின் அழுத்தத்தால் கழுத்தடி காலப்போக்கில் வளையவும் கூடும். ஆதலின் குழித்தளம் முழுவதையும் நிரப்பும் ஆப்பொன்றைச் செய்தோம். குழிவாயில் ஒன்றுமில்லை எனும்படி மெலிந்து, உட்சுவரில் 1.2 மில்லிமீற்றர் தடித்த ஆப்பு. மரம் எங்கே என்று மாணவர் தேடினார். குழியை வெட்டும்போது எடுத்த பலாத் துண்டொன்றை யாம் எறியாது வைத்திருந்தோம். அதனையே சீவுளியாற் சீவி, உப்புத்தாளில் தேய்த்து, தந்தையாரின் பழைய மூலைமட்டத்தில் வைத்துப் பார்த்து அமைத்தோம். ஓர் ஆப்பைச் செய்ய மூன்று பிற்பகல்கள் சென்றன. முதலிரண்டு ஆப்புகள் முறிந்தன.

மூன்றாவதைக் குழியில் வைத்துக் கழுத்தைப் பூட்டித் தந்திகளை ஏற்றியபோது, பன்னிரண்டாம் மெட்டில் தந்தி இரண்டு மில்லிமீற்றர் உயரத்தில் நின்றது. மாணவர் ஒன்றும் பேசாது முதலாம் மெட்டிலிருந்து கடைசி மெட்டுவரை ஒவ்வொன்றாக அழுத்தி ஒலித்துப் பார்த்தார். ஓரிடத்திலும் தந்தி மெட்டில் உரசவில்லை. பின்னர் கருவியைத் திருப்பி, பின்புறத்துத் தகட்டின் அருகே கதவின் பழைய தாழ்ப்பாள் இருந்த துளையைத் தடவிப் பார்த்தார். அத்துளையை அடைக்கவேண்டாம் என்று அவர் முன்னரே கேட்டுக்கொண்டிருந்தார். யூபிலி விழா ஒத்திகையில் அக்கிற்றார் ஒலித்தபோது மண்டபத்தில் இருந்தோர் கேட்டது ஒரு பாட்டை. யாம் கேட்டது ஒரு பொருத்தை.

முடிவுரை

இக்கட்டுரையால் மாணவர் கொள்ளத்தக்கது யாதெனின், நூலிற் காணும் அளவு எதற்குரியது என்று கேட்டறிந்த பின்னரே அதனைக் கையாளுதல் வேண்டும் என்பதாம். பதினாறு என்பது ஒரு கழுத்துக்கும் ஒரு குதிரைக்கும் உரிய அளவு. கழுத்து ஒரு வழியும் குதிரை வேறு வழியும் வந்தவிடத்து, இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு புதிதாக அளத்தலே முறை. ஆசிரியர் கூறினார் என்பதற்காக உளியை எடுத்தல் கூடாது. அவர் யாமே ஆயினும் அவ்வாறே.

ஆசிரியர்க்கு ஒன்று. மாணவர் கொண்டுவரும் மரம் சிலவேளை மீண்டும் கிடைக்காத மரமாக இருக்கும். அதன்மேல் அளவு கூறுமுன் ஒரு நாள் காத்திருத்தல் இழப்பாகாது.

பழைய மாணவர்க்கும் ஒன்று. மரவேலைக் கூடத்தில் இப்போது இரண்டாவது கிற்றார் தொடங்கியுள்ளது. இம்முறை குதிரை முதலில் வந்துவிட்டது. தாள் மேசையில் விரிந்துள்ளது. தந்திக் கோடு இழுக்கப்பட்டுவிட்டது. கல்லூரிக்கு வருவோர் கூடத்தையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பாராக. பழைய கதவோ கட்டிலோ வீட்டில் எறியக் கிடப்பின், அதனை விறகாக்குமுன் எமக்கு ஒரு சொல் அனுப்புவாராக.